பசு என்று எழுதிய சீட்டு

கிறிஸ்துநாயகத்தின் சைக்கிள் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால், அங்கே ஏதோ ஒரு வீட்டில் மாடு செத்திருக்கிறது என்று அர்த்தம். தென்மராட்சிச் சனம் அவரை அப்படித்தான் அறிந்திருந்தது. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பெயர் கால்நடை இன்ஸ்பெக்டர். ஊர் கொடுத்தது செத்தமாட்டு இன்ஸ்பெக்டர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். படலையைத் திறந்து, வேப்பமரத்தின் கீழ் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, "இருங்கோ" என்பார்கள். வீட்டுக்குள்ளே வரச் சொன்னவர்கள் எட்டு வருடத்தில் மூன்று பேர்.

அவர் குருநகர்க்காரர். தகப்பன் வின்சன்ற் கடலோடி. மகனுக்கோ கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளம் கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போவதற்குள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். பதினான்கு வயதில் ஒருநாள் தகப்பன் அவரைக் கரையில் இறக்கிவிட்டு, "உனக்குக் கடல் சரிவராது. படிப்பைப் பார்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் அதற்குப் பிறகு தகப்பனுக்கும் மகனுக்கும் கதைக்க அதிகம் இருக்கவில்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் பயிற்சி முடித்து, 1929ஆம் ஆண்டு கொடிகாமத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதுவரை ஒரு மாட்டுக் கயிற்றைக்கூடப் பிடித்தறியாதவர்.

வேலை என்னவோ சிக்கலில்லாததுதான். கமக்காரர் 'அடைப்பன்' என்று சொல்லும் ஒரு வியாதி உண்டு. மாலையில் புல் மேய்ந்த மாடு விடியும்போது வயிறு ஊதி, கால் விறைத்துக் கிடக்கும். மூக்காலும் பின்புறத்தாலும் கறுத்த இரத்தம் வடிந்திருக்கும்; அது உறையாது. புத்தகத்தில் அதற்குப் பெயர் அந்திராக்ஸ். அப்படிச் செத்த மாட்டை வெட்டக்கூடாது, உரிக்கக்கூடாது. கிறிஸ்துநாயகம் போய்க் காது நுனியில் சின்னதாய்க் கீறி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, காயவைத்து, கடதாசியில் சுற்றி, ஒரு சீட்டும் எழுதிக் கொழும்புக்கு மெயில் ரயிலில் அனுப்புவார். அங்கே ஆய்வுகூடத்தில் பூதக்கண்ணாடிக்குக் கீழ் வைத்துப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். அடைப்பன்தான் என்றால் மாட்டை எரிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும். அதோடு ஊரை அடைத்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு மாடும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது. உழவு நேரத்தில் அப்படி நடந்தால் அந்த வருடம் வயல் தரிசு.

அதனால் யாரும் சொல்வதில்லை. மாடு செத்தால் விடியமுன் மூத்தானுக்கு ஆள் போகும்.

மூத்தான் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், பனங்கூடலுக்குள் இருந்த ஏழெட்டுக் குடிசைகளில் ஒன்றில் இருந்தவன். செத்த வீட்டுக்குப் பறை அடிப்பதும், செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போவதும் அவனுடைய சனத்துக்கு ஊர் விதித்த வேலை. இழுத்துப்போன மாட்டை உரித்து, தோலுக்கு உப்புப் போட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள். நல்ல தோலாய் இருந்தால் ஒன்றைப் பறைக்கு வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களால் ஏலாது. கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றுவதற்கும் ஊரவன் மனம் வைக்கவேண்டும்.

1935இல் கிறிஸ்துநாயகம் அந்தக் குடிசைகளுக்கு முதன்முதல் போனது தோலைத் தேடித்தான். தோல் கிடைக்கவில்லை. மூத்தானின் சிறிய தகப்பன் ஒருவன் குந்தியிருந்தான். அவனுடைய மணிக்கட்டில் ஒரு புண். நடுவில் கரித்துண்டை அழுத்தி வைத்ததுபோலக் கறுப்பு, சுற்றிவரச் சின்னச் சின்னக் கொப்புளம், அதற்கப்பால் முழங்கை வரை வீக்கம்.

"நோகுதோ?"

"நோகேல்லை ஐயா. சொறியச் சொல்லிக் கடிக்கிறது மட்டும்தான்."

ஒன்பதாம் நாள் அவன் செத்துப்போனான் என்று பிறகு கேள்விப்பட்டார். பாம்போ ஏதோ தீண்டியதாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தொடங்கியது அந்தக் கொப்பி வேலை. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை வாங்கி, இடப்பக்கத்தில் செத்த மாடுகளை எழுதினார்: எந்த ஊர், எந்தத் தேதி, யாருடையது. வலப்பக்கத்தில் கறுத்த புண் வந்த மனிதர்களை எழுதினார். ஒவ்வொரு குடிசையாய்க் கேட்டுக் கேட்டு எழுதினார். இரண்டு வருடத்தில் வலப்பக்கத்தில் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் நாலு பேர் உயிரோடு இல்லை. ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு கிழமைக்கு முன்னால் இடப்பக்கத்தில் ஒரு மாடு கிடந்தது.

அவர் அதை ஒரு கடிதமாக எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே வியாதிதான் போய்வருகிறது, இதை யாராவது டொக்டர்மார் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் வந்தது. அவருடைய கடமை மாடுகளோடு நிற்கிறது. மனிதரைப் பார்ப்பது இன்னொரு இலாகாவின் வேலை.

"அவையள் சொல்லுறது சரிதானே" என்றாள் மனைவி மார்கிரட். வேலையால் வந்தால் கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றாமல் அவள் அவரைப் படிக்குள் விடமாட்டாள். அவருடைய உடுப்புக்குத் தனிக் கொடி கட்டியிருந்தாள். "எங்கடை பிள்ளைக்கு ஏதும் வந்தால் ஆருக்குக் கடிதம் எழுதப்போறியள்?"

பயம் அவருக்கும் இருந்தது.

1937ஆம் ஆண்டு ஆவணியில் முதல் மழை விழுந்தது. கோடை முழுதும் வெடித்துக் கிடந்த வயலில் ஏர் பூட்டத் தொடங்கிய அந்தக் கிழமை, ஊருக்கு அதிகாரியான விதானையார் இளையதம்பியின் வீட்டில் ஒரு கறுத்தப் பசு செத்துவிட்டதாகச் சந்தையில் கதை அடிபட்டது. மாடு செத்தால் இன்ஸ்பெக்டருக்கு அறிவிக்கவேண்டிய உத்தியோகத்தரே அவர்தான்.

கிறிஸ்துநாயகம் போனார். விதானையார் படலையடியிலேயே நின்று கதைத்தார்.

"என்ரை பசுவோ? அதை நான் போன கிழமை வித்துப்போட்டனே."

"ஆருக்கு?"

"ஓ, பெயர் கேட்டு வைக்கேல்லை. பளைப் பக்கத்து ஆள்." விதானையார் சிரித்தார். "உழவு நேரம் தம்பி. சனத்தைப் பயப்படுத்தாதையும்."

கிறிஸ்துநாயகம் சைக்கிளைப் பனங்கூடலுக்குத் திருப்பினார்.

மூத்தான் வீட்டில் இல்லை. அவனுடைய மனைவி செல்லி குடிசை நிழலில் இருந்து நார்க்கடகம் பின்னிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். இவரைக் கண்டதும் எழும்பிச் சீலைத் தலைப்பால் கழுத்தை மூடினாள். மூடின விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"சீலையை எடு, பாப்பம்."

தாடைக்குக் கீழ், இடப்பக்கம், அந்தக் கறுப்பு. கழுத்து தோள் வரை வீங்கி, தோல் பளபளத்துக் கிடந்தது.

"எத்தினை நாள்?"

"வெள்ளிக்கிழமை நுளம்பு கடிச்ச மாதிரிக் கிடந்துது ஐயா. சொறிஞ்சுபோட்டன். நோகேல்லை. நேற்றிலையிருந்து விழுங்கத்தான் கயிட்டமாக் கிடக்கு."

"விதானையார் வீட்டுத் தோலை நீயோ சுமந்தனி?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "ஈரத்தோல் ஐயா, சரியான பாரம். அவருக்கு நாரிப்பிடிப்பு. நான்தான் தோளிலை போட்டுக்கொண்டு வந்தனான்."

"தோல் இப்ப எங்கை?"

"அது ஞாயிற்றுக்கிழமையே யாழ்ப்பாணம் போட்டுது."

அவர் நேரே டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி நமசிவாயம் கெட்ட மனிதரல்ல. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்துக் களைத்த மனிதர்.

"உது கட்டு. பழுத்து உடையும்" என்றார்.

"டொக்டர், ஒரு துளி எடுத்துக் கண்ணாடியிலை பூசி அனுப்பினால் தெரிஞ்சுபோம்."

"அதுக்கு என்னட்டைப் படிவம் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வேணுமெண்டால் தரலாம். ஆனால் கட்டு எண்டுதான் எழுதுவன். இன்ஸ்பெக்டர், நீர் மாட்டைப் பாரும். மனிசரை நான் பாக்கிறன்."

கட்டு என்று எழுதிய கடிதத்தோடு போனால் களிம்பு பூசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கிறிஸ்துநாயகம் நினைத்தார். அந்த நினைப்பு சரியா பிழையா என்று பிறகு அவர் எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறார். அன்றைக்கே அந்தக் கடிதத்தோடாவது கொண்டுபோயிருந்தால்?

அவர் திரும்பப் பனங்கூடலுக்கு வந்து, தகரப் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு, செல்லியின் புண்ணோரக் கொப்புளத்தில் ஊசியால் தொட்டு ஒரு துளியைக் கண்ணாடியில் பூசினார். மாட்டுக்குச் செய்வது போலவேதான் செய்தார். அவருக்கு வேறு முறை தெரியாது.

பிறகு சீட்டு. மனிதர் என்று எழுதினால் பூதக்கண்ணாடிக்குப் போகாது, விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். இனம் என்ற இடத்தில் 'பசு' என்று எழுதினார். வயது என்ற இடத்தில் முப்பது என்று எழுத ஏலாதே. 'நாலு' என்று எழுதினார். நிறம், 'கறுப்பு'. உரிமையாளர் என்ற இடத்தில் பேனை கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் 'மூத்தான்' என்று எழுதினார். அவசரம், தந்தியில் பதில் தரவும் என்று அடியில் கோடு போட்டு, செவ்வாய்க்கிழமை மெயிலில் கொடுத்தார்.

வியாழன் காலை கொடிகாமத்துத் தபாற்கந்தோரில் தந்தி காத்திருந்தது. ஆங்கிலத்தில் நாலு துண்டு வாக்கியம். அந்திராக்ஸ் உறுதி. உடலைத் திறக்கவேண்டாம். உடனே எரிக்கவும். தோலை எடுக்க விடவேண்டாம்.

கந்தோர்ப் படியில் இருந்து அதை அவர் இரண்டு தரம் வாசித்தார். பக்கத்தில் ஒருவர் நேரம் கேட்டதற்கு என்ன சொன்னார் என்று அவருக்கு நினைவில்லை.

சந்தியில் நின்ற வாடகைக் கார்க்காரன் முதலில் வரச் சம்மதித்தான். எங்கே, யாரை ஏற்ற என்று கேட்டபின், காரில் ஏதோ பழுது என்றான். வண்டிக்காரன் பழுது என்றுகூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். கடைசியில் மூத்தானும் அவனுடைய தம்பியும் செல்லியை ஒரு சாக்குக் கட்டிலில் வைத்து ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார்கள். சந்தைச் சனம் விலகி வழி விட்டது. பரிதாபத்தால் விலகியவர்களும் உண்டு, தீட்டு என்று விலகியவர்களும் உண்டு.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அவர்கள் ஏறியதும் இருந்தவர்கள் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். செல்லியின் முகம் ஒருபக்கம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. ஆனால் புத்தி தெளிவாய் இருந்தது. சாவகச்சேரி தாண்டியபோது கேட்டாள்.

"அந்தக் கண்ணாடியிலை என்ன கண்டவையாம் ஐயா?"

அவர் பொய் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டிலை இருந்த வருத்தம்தான் உனக்கும். செல்லி, ஒண்டு சொல்லவேணும். சீட்டிலை நான் உன்ரை பெயரை எழுதேல்லை. பசு எண்டு எழுதிப்போட்டன். இல்லாட்டி அவங்கள் பாக்கமாட்டாங்கள்."

மூத்தான் தலையைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தான். செல்லியின் வீங்காத பக்கத்து உதடு மட்டும் அசைந்தது. சிரித்தாள் போலத்தான் இருந்தது.

"நல்லது ஐயா. பசுவெண்டால் தொட்டுப் பாப்பினம்தானே."

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் பஞ்சலிங்கம் என்ற இளம் டொக்டர். தந்தியை வாங்கிப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். மறுபடி தந்தியைப் பார்த்தார்.

"இது ஏதோ மாட்டுக்கு வந்த தந்தி."

"இல்லை டொக்டர். இந்த மனிசிக்கு வந்தது."

கிறிஸ்துநாயகம் நடந்ததைச் சொன்னார். டொக்டர் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழும்பிப் போய்ச் செல்லியின் கழுத்தை இரண்டு கையாலும் தொட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, தாதியிடம் ஊசிமருந்து கொண்டுவரச் சொன்னார். திரும்பி வந்து, "இதுக்கெண்டு ஒரு சீரம் இருக்குது. கொழும்பிலைதான் எடுக்கவேணும். நான் இப்பவே தந்தி அடிக்கிறன். ஆனால் என்னத்தை வைச்சு அந்திராக்ஸ் எண்டு சொல்லுறியள் எண்டு கேப்பாங்கள். நீர் செய்ததை எழுதித் தரவேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எழுதினால் உம்மடை வேலைக்கு என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?" என்று கேட்டார்.

"ஓம். தெரியும்."

அவர் எழுதிக் கையெழுத்து வைத்தார். சீரம் வெள்ளிக்கிழமை மெயிலில் ஏற்றப்பட்டு, சனிக்கிழமை காலை யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. செல்லி வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சடைத்து இறந்துபோனாள்.

டொக்டர் இன்னொரு கண்ணாடியில் துளி எடுத்து, இம்முறை அவளுடைய பெயரை எழுதி அனுப்பினார். பிறகு உடலை எரிப்பதுதான் நல்லது என்றார். மூத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எங்கடை சனம் புதைக்கிறதுதான் ஐயா. அவளை எரிக்கச் சொல்லாதையுங்கோ."

கிறிஸ்துநாயகம்தான் பொறுப்பெடுத்தார். பெட்டியை மெழுகுசீலையால் சுற்றிக் கட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய இடுகாட்டில் மூன்று பேர் குழி வெட்டினார்கள். நாலடியில் நிறுத்தப் பார்த்தபோது அவர் விடவில்லை. தடியை இறக்கி அளந்து, ஆறடி வரும்வரை வெட்டச் சொன்னார். அடியில் ஒரு கடகம் சுண்ணாம்பு, மேலே இரண்டு கடகம். இதுவரை நாற்பது மாட்டுக்கு மேல் அப்படித்தான் புதைத்திருக்கிறார். அதே அளவு, அதே சுண்ணாம்பு, அதே வரிசை. வேறு மாதிரிச் செய்ய வழியில்லை என்று அவருக்குத் தெரியும். மூத்தானின் தம்பி பறை அடித்தான். அந்தப் பறையின் தோல் எந்த வருடத்துத் தோலோ என்ற யோசனை அவருக்கு வந்தது. அப்படி யோசித்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

விசாரணை மார்கழியில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். அரசாங்கப் பத்திரத்தில் ஒரு மனுஷியை மாடு என்று எழுதியது உண்மையா என்று கேட்டார். கிறிஸ்துநாயகம் உண்மை என்றார். விதானையார் இளையதம்பி சால்வை போர்த்து வந்து, தன் பசு விற்ற பசு என்று சாட்சி சொன்னார். அந்தப் பசுவின் காதை யாரும் கீறவில்லை. ஆகையால் விசாரணையின் கணக்கில் அது அடைப்பனில் சாகவில்லை. கடைசியில் கிறிஸ்துநாயகத்துக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைத்தது. பதவி உயர்வு இனி இல்லை என்று வாயால் சொன்னார்கள்.

பஞ்சலிங்கம் டொக்டர் சும்மா இருக்கவில்லை. எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதினார். அடுத்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது: மாட்டில் இந்த வியாதி கண்டால் மாட்டு இன்ஸ்பெக்டர் டொக்டருக்கு அறிவிக்கவேண்டும், மனிதரில் கண்டால் டொக்டர் இன்ஸ்பெக்டருக்கு அறிவிக்கவேண்டும். ஒன்றரை வருடம் அது நடந்தது. பிறகு யுத்தம் வந்தது. டொக்டர் வேறு எங்கோ போனார். கடதாசித் தட்டுப்பாட்டில் படிவங்கள் நின்றுபோயின.

1941இல் கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் மன்னாருக்கு வந்தார். கொப்பியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் இருந்து ஒவ்வொரு பக்கமாய்ப் பார்த்தார். "இப்படி ஒன்றை நான் இந்தத் தீவில் கண்டதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரதி எடுத்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லிக் கொப்பியைக் கொண்டுபோனார். ஆறு மாதம் கழித்துக் கிறிஸ்துநாயகம் எழுதிக் கேட்டார். அந்த உத்தியோகத்தர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார், கொப்பியைப் பற்றி எதுவும் தெரியாது என்று பதில் வந்தது.

"போனது போகட்டும் விடுங்கோ" என்றாள் மார்கிரட். "அதை எழுதி என்னத்தைக் கண்டியள்?"

அவர் புதுக் கொப்பி வாங்கி, நினைவிலிருந்து எழுதப் பார்த்தார். மாடுகள் எல்லாம் நினைவில் வந்தன. எந்த ஊர், யாருடையது, என்ன நிறம் என்று வரிசையாய் வந்தன. மனிதர்களைத்தான் எழுத முடியவில்லை. செல்லிக்கு முன் எழுதிய பதினொரு பேரில் ஆறு பேருடைய பெயர்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் திருப்பலிக்கும் போகவில்லை, சாப்பிடவுமில்லை.

1944இல் லீவு போட்டுக்கொண்டு கொடிகாமத்துக்குப் போனார். பனங்கூடலில் இரண்டு குடிசைதான் மிச்சம். செல்லி செத்த பிறகு மூத்தான் மாடு இழுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அதற்குப் பிறகு அவர்களுக்குத் தண்ணீர் நின்றது, ஒருநாள் கூரையிலும் நெருப்பு விழுந்தது. இப்போது ஆனையிறவு உப்பளத்தில் கூலி என்றார்கள்.

உப்பளத்தில் பதினொரு மணி வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. மூத்தான் முழங்கால் வரை வெள்ளை பிடித்து, உப்பு வாரிக் குவித்துக்கொண்டு நின்றான். தலை நன்றாய் நரைத்திருந்தது. கிறிஸ்துநாயகத்தை அடையாளம் கண்டு, கையிலிருந்த வாரியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். சுகம் விசாரித்தார்கள். பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

மூத்தான் விரலை மடித்து மடித்துப் பெயர்களைச் சொன்னான். பதினொரு பேரும் வந்தார்கள். அவன் நிறுத்தவில்லை. "என்ரை அக்காவின்ரை மகள். அவளுக்குக் கன்னத்திலை வந்தது. பிறகு கடைசித் தம்பியின்ரை பிள்ளை, மூண்டு வயது. அவன் தோலுக்கு மேலை படுத்து விளையாடுறவன்." இன்னும் சொன்னான். செல்லியை விட்டு எல்லாமாய்ப் பத்தொன்பது.

"இந்த எட்டுப் பேரையும் நீ எனக்கு அப்ப சொல்லேல்லையே, மூத்தான்."

"எப்பிடிச் சொல்லுறது ஐயா? நீங்கள் வந்தால் ஊரை அடைப்பியள். ஊரை அடைச்சால் எங்களைத்தான் அடிப்பினம்."

அவர் குனிந்து எழுதினார். வியர்வை விழுந்து மை பரவியது. பரவிய இடத்துக்குப் பக்கத்தில் அதே பெயரை மறுபடி எழுதினார். மூத்தான் பொறுமையாய் நின்று ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னான். கங்காணி தூரத்திலிருந்து கூப்பிட்டான்.

"வாறன்" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, மூத்தான் இவரைப் பார்த்தான். "வெயிலுக்கை நிக்காதையுங்கோ ஐயா. ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு, அந்தக் கொட்டிலுக்கை இருங்கோ."

அவன் வாரியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான். கிறிஸ்துநாயகம் கொட்டிலுக்குள் போய், கொப்பியை மடியில் விரித்து மை காயும்வரை வைத்துக்கொண்டிருந்தார்.